கடைசி வரிசை

ஏழு பேர் உட்காரும் அந்தப் பழைய காரின் கதவைத் தரகர் திறந்ததுதான் தாமதம், ஐந்து பிள்ளைகளும் கடைசி வரிசைக்குப் பாய்ந்தார்கள்.

"ஜன்னலோரம் எனக்கு!"

"அம்மா, இவ என்னைத் தள்ளுறா!"

"அப்பா, இவன்தான் மொதல்ல காலை மிதிச்சான்!"

அப்பா காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். "இவ்வளவு நீளமான வண்டி டவுனுக்குள்ள சரிப்படுமா?"

"தாராளமா சார். சின்னத் தெருவுலகூட சுலபமா திரும்பும். ஏசி கடைசி சீட் வரைக்கும் வரும்."

உள்ளே ஒரு செருப்பு பறந்தது. கூடவே ஐந்து பேரின் சிரிப்பும்.

"கூடப்பொறந்ததுங்கன்னா இப்படித்தான். எந்த வண்டி வாங்கினாலும் இந்தச் சண்டை ஓயாது" என்றார் தரகர்.

அம்மாவின் கண்கள் சட்டென்று கலங்கின.

தரகர் பதறிப்போனார். "தப்பா ஏதும் சொல்லிட்டேனாம்மா?"

"இல்லீங்க. மூணு என்னோட பிள்ளைங்க, ரெண்டு அவரோடது. இன்னிக்குக் காலைலதான் முதல்முதலா பாத்துக்கிட்டாங்க. வர்ற வழியெல்லாம் ஒருத்தரும் வாயே திறக்கலை. ஒத்துப்போவாங்களான்னு பயந்துகிட்டே வந்தோம்."

அப்பா முகமெல்லாம் சிரிப்பாக வண்டியைத் தட்டினார்.

"இதையே முடிச்சுடுங்க. அடுத்த வாரம் எங்க கல்யாணம். அதுக்குள்ள கைக்கு வந்துடணும்."