கொழுந்து மடுவத்தில் தாவோ வகுப்பு

நமுனுகுல மலையில் மூன்றாம் நாளாக மழை. தகரக் கூரையில் அது விழும் சத்தத்துக்கு மேலாகக் கத்திப் பேசுகிறார், தேயிலைத் தோட்ட நிர்வாகம் கொழும்பிலிருந்து அழைத்து வந்திருக்கும் பயிற்சியாளர். கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் சுவரில் அவர் போட்டுக் காட்டும் படத்தில் நீல வெளிச்சமாக ஓர் அருவி ஓடுகிறது. "இது சீனத்து ஞானிகள் காட்டின தாவோ வழி. எதையும் எதிர்க்காதீங்க. தண்ணி மாதிரி வளைஞ்சு போங்க. கவலை தானா கரைஞ்சிடும்." முன்வரிசை நாற்காலியில் தோட்ட மேலாளரான துரை தலையாட்டுகிறார். கொழுந்து பறிக்கும் யோகமலர் இடுப்பில் கட்டிய ஈரச் சாக்கை அவிழ்க்காமல் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு வெடித்திருக்கிறது; காலையில் அந்த வெடிப்புக்குள் அவள் கை முழங்கை வரை போனது. வேறு இடத்தில் வீடு கேட்டு துரையிடம் எத்தனையோ மனுக் கொடுத்துவிட்டாள். பதிலாக இந்த வகுப்புதான் வந்திருக்கிறது. அவள் எழுந்து நிற்கிறாள். பக்கத்தில் இருப்பவள் சேலையைப் பிடித்து இழுக்க, அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள்.

"தண்ணி வளைஞ்சு மட்டுந்தான் போகுமா சார்? எங்க லயத்துக்குப் பின்னால மலையையே அறுத்துக்கிட்டு இருக்கே?"

பயிற்சியாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்லம்மா. பாறையையும் அரிச்சிடும். அந்த ஞானிகள் அதையும்தான் சொல்லியிருக்காங்க."

"அப்ப அதைத் தொரை பக்கம் திரும்பிச் சொல்லுங்க."

துரை கைபேசியை எடுத்துப் பார்க்கிறார். பயிற்சியாளர் திரும்பவில்லை. "உட்காருங்கம்மா" என்கிறார் தணிந்த குரலில்.

"சொல்லுங்க சார். நான் நிக்கிறேன்."