போறேன்

கால் சென்டர் ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டுவிட்டு, வடக்கே குமாவோன் மலையில் ஓர் ஏரிக்கரை ஊருக்குத் தனியாக வந்தேன். தனியாக வருகிறவர்களின் மணிக்கட்டில் ஊர் எல்லையிலேயே ஒரு பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். சாக வந்தவர்களா என்று கண்டுபிடிக்க அது பேச்சை ஒட்டுக்கேட்கும்.

அம்மாவிடம் போனில் பேசிவிட்டு, "சரி, போறேன்" என்று வைத்தேன். பட்டை சிவப்பானது. போயிட்டு வரேன் என்று சொல்லாத தமிழன் சாகப் போகிறான் என்று எந்த மடையனோ அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறான்.

பத்தாவது நிமிடம், பட்டை சிவந்தால் அனுப்பப்படும் துணையாள் மஞ்சள் சட்டையில் வந்தான். ஜெபராஜ், நாகர்கோவில்காரன். ஏரிக்கரைப் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை பிசுபிசுத்தது.

"வாழ்க்கை அழகானது சார்."

"கையை விடுய்யா."

"விட்டா எனக்கு மெமோ. அம்மாட்ட ஒழுங்கா போயிட்டு வரேன்னு சொல்லுங்க. பட்டை பச்சையாவும், நான் கழண்டுக்கிடுவேன்."

"என்னை மாதிரி எத்தனை பேர்?"

"இன்னைக்கு நீங்க ஏழாவது. சிரிச்சுச் சிரிச்சு மூஞ்சி மரத்துப்போச்சு."

அம்மாவை மறுபடி அழைத்தேன். வேலையில் பழகிய அதே போலிக் குழைவோடு, "போயிட்டு வரேம்மா" என்றேன். பட்டை நம்பிவிட்டது.

ஜெபராஜ் கையை விட்டான். சிரிப்பும் போய்விட்டது. கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தான்.

"அப்ப நான் போறேன் சார்" என்று எழுந்து நடந்தான்.

எதுவும் சிவக்கவில்லை. வேலையாட்களுக்குப் பட்டை கிடையாது.

எரிச்சலோடு எழுந்துபோய் அவன் கையைப் பிடித்தேன். இன்னும் பிசுபிசுப்பாகத்தான் இருந்தது.