முகத்தைப் பார்க்காமல் கொடுங்கள்

கல்யாண வீட்டுக்குக் கிளம்பியவர்கள் போல மூன்று பேரும் வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, கிடங்கு வாசலில் வந்து நின்றார்கள். வந்த வேலை மூட்டை தூக்குவது.

காவலாளி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்குப் பெண் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டார். மூவரில் ஒருவரான மேஸ்திரி மார்பை நிமிர்த்தினார்.

"இன்னிக்கு நாங்க கூலிக்காரங்க இல்ல. தர்மம் பண்ண வந்திருக்கோம்."

விஷயம் இதுதான். மலேரியாவுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுக்கும் ஏழைகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் கொசுவலை கொடுக்கிறது. லாரியில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று கேட்டதும், லீவு நாளில் கூலி வாங்காமல் செய்து தருகிறோம் என்று மேஸ்திரி வாக்குக் கொடுத்துவிட்டார். கூட வந்தவர்கள் அவருடைய மச்சானும், ஒட்டடைக்குச்சி என்று பெயர் வாங்கிய ஒரு நெட்டையனும்.

போன மாதம் மேஸ்திரியின் மூன்று வயது மகளுக்கும் அதே காய்ச்சல்தான். யாரோ புண்ணியவான் கொடுத்த மருந்தில் பிழைத்தது. இன்னொரு முறை வந்தால் பிள்ளை தாங்காது, கொசு அண்டவே விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அதனால் கட்டுகளை ஏற்றி முடித்ததும் மேஸ்திரி நிறுவனத்து மேடத்திடம் போய், தயங்கித் தயங்கி ஒரே ஒரு வலை கேட்டுப் பார்த்தார். வீட்டுக்கு ஒன்று என்று பெயர் எழுதி எண்ணி வந்தது, ஒன்று குறைந்தாலும் ஒரு வீட்டுக்கு இல்லாமல் போய்விடும் என்று மேடம் வருத்தத்தோடு சொன்னார். ஆண்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் நிறுவனத்துப் பெண்கள் போய்ப் பெயர் எழுதினார்களாம். இதற்கு முன் பெயர் எழுதிக்கொண்டு போனவர்கள் யாரும் திரும்பி வந்ததே இல்லை என்று அங்கே யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லையாம். வலை வருகிறது என்று இன்று காலையில்தான் அங்கே தகவல் போயிருக்கிறது.

எந்த இடம் என்று மச்சான் கேட்டான். பதினேழாம் வட்டம் என்றார் மேடம். எண் வைத்துச் சொன்னால் மூவருக்கும் ஊரில் எந்த இடமும் தெரியாது.

"ரொம்பப் பாவப்பட்ட இடம்ப்பா. நாப்பது வீட்டுக்கு ஒரே குழாய்."

மூவரும் உச்சுக்கொட்டினார்கள். ஒட்டடைக்குச்சிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. நம்ம பக்கம் ஒரு குழாய்க்கு முப்பத்தெட்டு வீடுதானே என்று சொல்லி அவனே மனதைத் தேற்றிக்கொண்டான்.

மழை தூறியது. வலை நனையாமல் இருக்க லாரியை முழுக்கத் தார்ப்பாயால் மூடி இறுக்கிக் கட்டினார்கள். தார்ப்பாய்க்கு உள்ளே கட்டுகளின் மேல் மூவரும் ஏறிக்கொண்டார்கள். வழியில் இருக்கிற பாலம் லாரியைத் தாங்காது, ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும் என்றார் டிரைவர்.

உள்ளே ஒரே கும்மாளம். நாலு வார்த்தை பேசச் சொன்னால் என்ன பேசுவது என்று ஒட்டடைக்குச்சிக்குக் கவலை வந்துவிட்டது. 'அன்பார்ந்த ஏழைகளே' என்று ஆரம்பித்துப் பார்த்தான். லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏற, மீதிப் பேச்சு தார்ப்பாய்க் கம்பியில் முட்டிக்கொண்டது.

மேஸ்திரி இருவருக்கும் பாடம் நடத்தினார். பல்லைக் காட்டக் கூடாது. வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது.

"ரெண்டு கையால குடுங்க. முகத்தப் பாக்காதீங்க. வாங்கறவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

இதற்குள் மச்சான் ஒரு கட்டின் கயிற்றைத் தளர்த்தி, ஒரு பொட்டலத்தை உருவி மேஸ்திரியின் மடியில் வைத்துவிட்டான்.

"அத்தான், பாப்பாவுக்கு."

மேஸ்திரி பொட்டலத்தைத் தடவிப் பார்த்தார். எடுத்து மூக்கருகே வைத்துப் பார்த்தார். பிறகு அதை மறுபடியும் கட்டுக்குள்ளேயே செருகினார்.

"இத எடுத்தா அங்க ஒரு புள்ள வலை இல்லாமப் படுக்கும்டா."

"அந்தப் புள்ள யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுன்னா எடுத்துக்கலாமா?"

மச்சான் கட்டின் கயிற்றை இழுத்து மறுபடி முடிச்சுப் போட்டான். பாப்பாவுக்குப் பழைய சேலையில் வலை தைத்துப் பார்க்கலாம் என்று மேஸ்திரியே மெதுவாகச் சொன்னார். ஒட்டடைக்குச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் 'அன்பார்ந்த ஏழைகளே' என்றான். மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

லாரி நின்றது. வெளியே பெண்களை வரிசையில் நிற்கச் சொல்லும் மேடத்தின் குரல் கேட்டது. பின்பக்கத் தார்ப்பாயை யாரோ அவிழ்த்துப் பாதி தூக்கினார்கள்.

மேஸ்திரி காலரைச் சரிசெய்துகொண்டார். முதல் வலையை இரண்டு கைகளிலும் ஏந்தி, தலை குனிந்து, கண்ணைத் தரையில் நட்டபடி நீட்டினார். கீழே ஒரு பெண்ணின் கைகள் அதை வாங்கின. அவள் இடுப்பில் இருந்த குழந்தை எட்டி அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு சிரித்தது. முன்பின் தெரியாத பிள்ளைக்குக்கூட நம்மைப் பிடித்துப்போய்விட்டதே என்று அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதும் அவர் நிமிரவில்லை.

"தாயே, இனிமே கொசுத் தொல்லை இல்லாம நிம்மதியாத் தூங்குங்க."

"கொசுவுக்கு வலை குடுத்துட்டீங்க, உங்க குறட்டைக்கு நான் எங்கங்க போறது?"