தாத்தாவுக்குத் தெரியாத செய்தி

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் மகள் மோகனாவுக்குப் பிரசவ வலி. மலாக்காவில், ஆயர் குரோ வீட்டில், பவானேஸ்வரி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது அடிக்கவே இல்லை.

"எங்கயோ ஒரு கோழி போலீஸ் ஸ்டேஷன்ல முட்டை போட்டுச்சாம் லா!" கம்ப்யூட்டர் முன்னால் சிரித்தார் கணவர் கணேஸ்வரன்.

"காலையிலேர்ந்து மாப்பிள்ளை போனே பண்ணல. உங்களுக்கு இண்டர்நெட்டுல கோழி கேக்குதா?"

"பயத்தை மறக்கத்தான் படிக்கிறேன். இரு, மாப்பிள்ளை ஆபீஸ்லேர்ந்து ஈமெயில்! அவரும் விசித்திரச் செய்திதான் அனுப்பியிருக்காரு."

"அவருமா?"

கணேஸ்வரன் உரக்கப் படித்தார்: "மலாக்காவில் ஒருவர் தாத்தா ஆகிவிட்டார். அது அவருக்கே இன்னும் தெரியாது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். மாமா, போன் கிடைக்காமல் ஆபீசுக்கு ஓடிவந்து இதை அனுப்புகிறேன். வீட்டில் போனுக்கும் இண்டர்நெட்டுக்கும் ஒரே லைன்தானே? இண்டர்நெட்டை மூடினால்தான் என் போன் உள்ளே வரும்!"

மூடியதுதான் தாமதம், போன் அலறியது.