எதிர்ச் சுவரில் ஒரு பல்லி

பரண்மேல் கிடந்த பழைய டிவிப் பெட்டிக்குத் துணை என்று சொல்லிக்கொள்ள, அதன் முதுகுக்குள் குடியிருந்த பல்லி ஒன்றுதான் இருந்தது.

அன்று சாயங்காலம் கீழே ஹாலில் அமெரிக்கக் குதிரைவீரன் தொடரின் ஆரம்ப இசை கேட்டது. முதல் பகுதி வந்து நாற்பது வருஷமாம், மறுபடி போடுகிறார்கள். ஒரு காலத்தில் தெருவே இந்தப் பெட்டி முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்த தொடர். பெட்டிக்கு வயிறு எரிந்தது.

"புது டிவி முன்னாடி எத்தனை பேர் இருக்காங்கன்னு பார்த்துட்டு வாயேன்," என்றது பல்லியிடம்.

பல்லி போய்ப் பார்த்துவிட்டு வந்தது. "ஒருத்தரும் இல்ல. ஆளுக்கொரு ரூம்ல ஃபோனும் கையுமா இருக்காங்க. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு."



"அப்ப நீ போய் அதுக்கு எதிர்ச் சுவத்துல உட்காரு," என்றது பெட்டி. "முடியற வரைக்கும் வந்துடாதே."