பரீட்சைக்குப் போன முகம்

ஆள்மாறாட்டம் செய்தால் போலீஸ், கோர்ட் வரை போகும் என்று தாரணிக்குத் தெரியும். தெரிந்தேதான் சங்கீதா அக்காவைத் தன் அறைக்குள் கூட்டிவந்து கதவைத் தாழிட்டாள்.

அழகுக்கலை படிக்கப் போகிறேன் என்று அவள் கிளம்பியபோதே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. முடிவெட்டக் கற்றுக்கொள் என்றார் அப்பா. நாள் முழுக்க நிற்க வேண்டும். நகப்பூச்சுக்குத்தான் கிராக்கி என்றாள் அம்மா மங்களம். அந்த வாடைக்கே தாரணிக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். ஃபேஷியல், மசாஜ் எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் மணப்பெண் அலங்காரத்தில் சேர்ந்தாள். அதற்கும் காரணம் இருந்தது. டோபி காட் வட்டாரத்தில் மணப்பெண் ஸ்டூடியோ நடத்தும் ரஞ்சன்தான் கடைசிப் பரீட்சைக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர். கைவேலை பிடித்துப்போனால் வேலைக்கும் எடுத்துக்கொள்வார். அந்த ஸ்டூடியோவில் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும் என்று தாரணி தவமாய்க் கிடந்தாள்.

தொல்லை கையில்தான். யாராவது பார்த்துக்கொண்டு நின்றால் கை உதறும். மாதிரித் தேர்வில் ஐலைனரை ஒரு பெண்ணின் கண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டாள்.

ஆகவே, அவளுக்குப் பதிலாகப் பரீட்சைக்குப் போகப் பெரியம்மா மகள் சங்கீதா. செம்பவாங் வட்டாரத்தில் வருஷக்கணக்காக பார்லர் வைத்திருப்பவள். எந்தப் பெண்ணாக இருந்தாலும் பத்தே நிமிஷத்தில் மணப்பெண்ணாக்கிவிடுவேன் என்று மார்தட்டுபவள். தேர்வு அறைக்குள் டீச்சர்களுக்கு அனுமதி இல்லை. ரஞ்சன் தாரணியைப் பார்த்ததும் இல்லை. அடையாள அட்டைப் படத்தோடு முகம் ஒத்துப்போனால் போதும்.

தாரணி வேலையில் இறங்கினாள். அக்காவின் அகன்ற மூக்கை நிழல் தீட்டி ஒடுக்கினாள். புருவத்தை மாற்றி எழுதினாள். தாடையில் தன் மச்சத்தை வைத்தாள். வேடிக்கை பார்க்க ஆள் இல்லாததாலோ என்னவோ, கை உதறவே இல்லை.

வெளியே போன சங்கீதாவை மங்களம் வாசலில் மறித்தாள். "பசியாறிட்டுப் போ தாரணி. பரீட்சை எங்கயும் ஓடிராது."

பெற்றவளே ஏமாந்த பிறகு ரஞ்சன் எம்மாத்திரம்?

பயிற்சி நிலையத்துக்கு எதிரே, சிராங்கூன் சாலைக் காப்பிக்கடையில் தாரணி முகக்கவசத்தோடு காத்திருந்தாள். வாங்கிய தே தாரிக் டீ ஆறி ஏடு கட்டிக் கிடந்தது. ஒரு போலீஸ் கார் வந்தபோது உயிரே போய்விட்டது. அது நிற்காமல் தேக்கா சந்தைப் பக்கம் போன பிறகுதான் உயிர் திரும்பி வந்தது.

ஒருவழியாக சங்கீதா வந்தாள்.

"மாட்டிக்கிட்டியாக்கா?"

"இல்ல. அட்டையப் பாத்தாரு, மொகத்தப் பாத்தாரு, போய் ஆரம்பின்னுட்டாரு."

"அப்ப பாஸா?"

சங்கீதா நாற்காலியில் சரிந்தாள். "ஃபெயில் லா. நான் மேக்கப் போட்ட பொண்ணுக்கு மொகம் ஒரு கலரு, கழுத்து ஒரு கலராம். பேட்டையில இருக்கிற சின்ன பார்லர் வேலைங்கிறாரு."

தாரணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழாத. கெளம்புறப்ப என் மொகத்தையே உத்துப் பாத்தாரு. இது ஒன் கை வேலை இல்ல, இத யாரு போட்டது, இப்படி ஒரு ஆளத்தான் தேடிக்கிட்டிருக்கேன், நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லுன்னாரு."

தாரணி அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரு போட்டதுன்னு சொன்ன?"

சங்கீதா தாடையிலிருந்த மச்சத்தை நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

"தாரணியா நான்தானே உக்காந்திருக்கேன், தாரணின்னு எப்படிச் சொல்றது? எங்க சங்கீதா அக்கான்னு சொல்லிட்டேன்."