அம்மா முறை

மூடிக் கிடந்த அரிசி மில்லில் ஐந்து பூனைக்குட்டிகள் இருந்தன. இரை தேடப் போன தாய் திரும்பவே இல்லை. அப்புறம் குட்டிகளே முறை வைத்து அம்மா ஆயின. அப்படிப் போன இரண்டும் வரவில்லை.

மூன்றாவதாகப் போன சாம்பலி, சாயங்காலம் ஒரு மீன்தலையோடு மூச்சிரைக்க வந்தது. கதவு ஓட்டையை மறித்துக்கொண்டு கரியன் நின்றது.

"நீ ஏன் வந்தே?"

சாம்பலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மீன்தலையைக் கீழே போட்டது. "பசிக்குது பசிக்குதுன்னு காலையிலேர்ந்து உயிரை வாங்கினது யாருடா?"

"உன்னோட பெரிய ரோதனையாப் போச்சு! அம்மான்னா திரும்பி வரக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

கரியன் மீன்தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, சாக்கை வைத்து ஓட்டையை அடைத்தது.

"டேய், நான்தான்டா!" என்று சாம்பலி கதவைப் பிறாண்டியது.

உள்ளே கடைக்குட்டி ஆசையாகக் கேட்டது: "அப்போ நாளைக்கு நான்தானே அம்மா?"